ஒரு மணி நேரத்துக்கு நிஜமாகவே எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள்? கணக்குப் போட ஒரு முழுமையான வழிகாட்டி

மாதம் 50,000 சம்பளம். மாதத்துக்கு 22 நாள், நாளுக்கு 8 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 284 ரூபாய். பலர் மனதில் வைத்திருக்கும் கணக்கு இதுதான். அதே ஆளுக்குக் கீழே உள்ள முறைப்படி போட்டால் 151 ரூபாய்தான் வருகிறது. 25,000 ரூபாய் போனை வாங்கலாமா, ஆபீஸ் பக்கத்திலேயே வீடு பார்க்கலாமா, சனிக்கிழமையும் வரச் சொல்லும் கம்பெனிக்கு மாறலாமா என்று முடிவெடுக்க உதவுவது இந்த 151தான்.

கட்டுரை முழுவதும் ஒரே மாதிரி ஆளை வைத்துக்கொள்வோம். சென்னைப் புறநகரான கூடுவாஞ்சேரியில் வாடகை வீடு, கிண்டியில் அலுவலகம், ஆண்டுக்கு 6 லட்சம் சிடிசி (கம்பெனி அவருக்காகச் செய்யும் மொத்தச் செலவு), வாரத்தில் ஐந்து நாள் வேலை. உங்கள் எண்களை அதே இடங்களில் போட்டுக்கொண்டே வாருங்கள்.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

கடந்த 12 மாதப் பே ஸ்லிப், ஃபார்ம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்குக் கம்பெனி தரும் சான்று), சம்பளம் வரும் வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட், யுபிஐ செயலியில் உள்ள பரிவர்த்தனைப் பட்டியல், எடுத்த விடுப்பின் பதிவு. இவற்றோடு இரண்டு வாரத்துக்கு நேரம் குறித்து வைத்த ஒரு தாள்.

கடைசி மாத ஸ்லிப் ஒன்று போதாதா என்று கேட்பார்கள். போதாது. சென்னையில் தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை வருவது. சில கம்பெனிகள் அதை மாதாமாதம் பிரித்துப் பிடிக்கும், சில மொத்தமாக ஒரே மாதத்தில் பிடிக்கும். போனஸ், இன்சென்டிவ், சம்பளமில்லா விடுப்பு எல்லாமே அப்படித்தான், ஒரு மாதம் இருக்கும், அடுத்த மாதம் இருக்காது. எந்த மாதத்தை எடுத்தாலும் தப்பாகத்தான் வரும். அதனால் முழுக் கணக்கையும் ஆண்டுக்குப் போடுங்கள்.

2. முதலில் நேரம், அப்புறம்தான் பணம்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். பணத்தை முதலில் எழுதியவர்கள் நேரத்துக்கு வரும்போது தாராளமாகிவிடுகிறார்கள். “போக்குவரத்து ஒரு மணி நேரம்னு வச்சுக்கலாமே” என்று குறைத்து எழுதுவார்கள். விடை கொஞ்சம் கௌரவமாக வரட்டும் என்று மனசு தானாகவே செய்கிற வேலை இது. நேரத்தை முன்பே மையில் எழுதி முடித்துவிட்டால் அதற்கு இடமில்லை.

இரண்டு வாரம் நான்கு விஷயங்களைக் குறியுங்கள்.

அலுவலக நேரம்: உள்ளே கார்டு தேய்த்ததிலிருந்து வெளியே தேய்க்கும் வரை. மதியச் சாப்பாட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் வீட்டில் இல்லை, உங்கள் வேலையையும் பார்க்க முடியாது. நம் ஆளுக்கு 9 மணி நேரம்.

பயணம்: வீட்டுக் கதவைப் பூட்டும் நேரத்திலிருந்து அலுவலக இருக்கையில் உட்காரும் நேரம் வரை. அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டிக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டால் “முக்கால் மணி நேரம்” என்பார்கள். அது ரயில் ஓடும் நேரம் மட்டும். வண்டியில் ஸ்டேஷனுக்கு 8 நிமிடம், ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி டோக்கன் வாங்க 4, பிளாட்பாரத்தில் காத்திருப்பது 8, ரயில் 45, இறங்கி நடந்து லிஃப்டுக்கு நின்று மேலே போக 10. மொத்தம் 75 நிமிடம். போக வர இரண்டரை மணி நேரம்.

தயாராகும் நேரம்: விடுமுறை நாளில் செய்யாததை மட்டும் எண்ணுங்கள். குளிப்பதும் பல் தேய்ப்பதும் ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. டிபன் பாக்ஸ் கட்டுவது, சட்டைக்கு இஸ்திரி போடுவது, லேப்டாப் பையை அடுக்குவது ஆகியவை வேலைக்காக. அரை மணி நேரம்.

ஓய்ந்து கிடக்கும் நேரம்: வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, பேசக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருப்பது. இதில் நேர்மாறான தப்பு நடக்கும். இரவு பத்து மணி வரை போன் பார்த்ததை எல்லாம் ஆபீஸ் தலையில் கட்டுவார்கள். வேறு எதையும் செய்ய முடியாமல் இருந்த நேரத்தை மட்டும் எழுதுங்கள். நம் ஆளுக்கு அரை மணி.

கூட்டினால் நாளுக்கு 12.5 மணி நேரம். இதில் வராத ஒன்று, வீட்டுக்கு வந்த பிறகான வேலை: இரவு கால்கள், வாட்ஸ்ஆப் குழுவில் மேனேஜருக்குப் பதில், ஞாயிறு சாயங்காலம் திறக்கும் லேப்டாப். இதை வாரக் கணக்கில் தனியாக எழுதுங்கள், ஏனென்றால் தினமும் ஒரே அளவில் இருக்காது. வாரம் 2 மணி நேரம் என்றால், ஆண்டுக்கு 48 வாரத்துக்கு 96 மணி நேரம்.

3. ஆண்டுக்கு எத்தனை நாள்

365இல் சனி ஞாயிறு 104ஐக் கழித்தால் 261. பண்டிகை விடுமுறை 10, எடுத்த விடுப்பு 18 போக 233 நாள்.

எடுத்த விடுப்பை மட்டும் கழிக்க வேண்டும். கையேட்டில் 24 நாள் இருக்கலாம். நீங்கள் எடுத்தது 18 என்றால் 18தான். எடுக்காத விடுப்புக்குப் பணம் தந்தால் அது அடுத்த படியில் வரவாக வரட்டும். உங்களுக்கு இரண்டாம், நான்காம் சனி மட்டும்தான் விடுமுறை என்றால் நாள் கணக்கு இன்னும் ஏறும். ஆண்டுக்கு 25 நாளுக்கு மேல் கூடும், அதை மறந்துவிடாதீர்கள்.

233 பெருக்கல் 12.5, கூட்டல் 96. ஏறக்குறைய 3,008 மணி நேரம். 22 நாள், 8 மணி நேரக் கணக்கில் இது 2,112ஆக இருந்தது. விடுப்பையும் பண்டிகையையும் கழித்த பிறகும் 900 மணி நேரம் கூடியிருக்கிறது.

4. கைக்கு வரும் பணம்

சிடிசி என்பது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் செலவு. உங்கள் சம்பளம் அதைவிடக் குறைவு. மாதம் 50,000 எப்படிக் கரைகிறது என்று பாருங்கள்.

முதலாளி பங்கு பிஎஃப் 1,800. சட்டப்படியான ஊதிய வரம்பு 15,000இல் 12 சதவீதம் இது. முழு பேசிக்குக்கும் (அடிப்படைச் சம்பளம்) பிடிக்கும் கம்பெனிகளில் கூடுதலாக இருக்கும். கிராஜுவிட்டி (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) ஒதுக்கீடு 1,200. பேசிக் 25,000இல் 4.81 சதவீதம். குழு மருத்துவக் காப்பீடு 500. இவை போக ஸ்லிப்பில் மொத்தச் சம்பளம் என்று நிற்பது 46,500. அதில் உங்கள் பங்கு பிஎஃப் 1,800 போனால் 44,700. ஆண்டுக்கு 5,36,400. தொழில் வரி ஆண்டுக்கு 2,500 போக 5,33,900.

வருமான வரி இந்த ஆளுக்கு இல்லை. 2025–26 நிதியாண்டில் புதிய வரிமுறையில், 75,000 ரூபாய் நிலைக்கழிவையும் சேர்த்து 12.75 லட்சம் வரை சம்பளம் மட்டுமே வருமானமாக உள்ளவருக்கு வரி வராது. அதற்கு மேல் வாங்குபவர்கள் ஃபார்ம் 16இல் உள்ள வரியை அப்படியே கழியுங்கள். மாதச் சம்பளம் 21,000க்குள் இருந்து இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தால் அந்த 0.75 சதவீதத்தையும் கழியுங்கள்.

எழுதிய பிறகு வங்கி ஸ்டேட்மென்ட்டில் வந்த பன்னிரண்டு சம்பள வரவையும் கூட்டிப் பாருங்கள். இரண்டும் ஒட்டவில்லையென்றால் வங்கி சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிஎஃப் என் பணம்தானே, ஏன் விடுகிறோம் என்று கேட்பார்கள். உங்கள் பணம்தான். ஆனால் அதைக் கொண்டு நாளைக்குப் போன் வாங்க முடியாது. செலவு பற்றிய முடிவுக்கு அதைச் சேர்க்காதீர்கள். இரண்டு வேலைகளை ஒப்பிடும்போது மட்டும் சேருங்கள். அப்போதும் முதலாளி பங்கு முழுவதும் உங்கள் கணக்கில் விழுவதில்லை என்பது நினைவிருக்கட்டும். அந்த 1,800இல் 1,250 பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது, மீதி 550தான் பிஎஃப் இருப்பில் ஏறும். கிராஜுவிட்டியும் அப்படியே. நிரந்தரப் பணியில் இருப்பவர் பொதுவாக ஐந்து ஆண்டு முடித்தால்தான் கிடைக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு கம்பெனி மாறுகிறவர் அதை வரவில் எழுதவே வேண்டாம்.

வேலைத்திறனைப் பொறுத்து ஏறி இறங்கும் வேரியபிள் பேயில் ஆஃபர் லெட்டர் சொன்ன தொகையை எழுதாதீர்கள். சென்ற ஆண்டு கைக்கு வந்ததை எழுதுங்கள்.

5. வேலைக்காகப் போகும் செலவு

ஒவ்வொரு செலவுக்கும் ஒரே கேள்வி: இந்த வேலை இல்லாவிட்டால் இது இருக்குமா? இருக்கும் என்றால் விட்டுவிடுங்கள். கொஞ்சம் இருக்கும் என்றால் வித்தியாசத்தை மட்டும் எழுதுங்கள். கேன்டீனில் மதியச் சாப்பாடு 80, வீட்டில் அதற்கு 40 ஆகும் என்றால் வேலைச் செலவு 40தான். வீட்டு வாடகை, மளிகை, வீட்டுக் கடன் இங்கே வரக்கூடாது. அவற்றை இங்கே கழித்துவிட்டு “எனக்கு மணிக்கு 20 ரூபாய்தான் வருது” என்று தலையில் கைவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றுக்கான இடம் ஏழாவது படி.

நம் ஆளின் மாதக் கணக்கு: சீசன் டிக்கெட், ஸ்டாண்ட் வாடகை, பெட்ரோல், அவசரத்துக்கு ஷேர் ஆட்டோ எல்லாம் சேர்த்து 2,000. டீ, வடை, வெளிச் சாப்பாடு 2,000. சட்டை, ஷூ, இஸ்திரி 900. பிறந்தநாள் கேக்கு, வேலையை விட்டுப் போகிறவருக்குப் பரிசு என்று வசூலிப்பது 400. ஓய்ந்துபோய்ச் சமைக்க முடியாமல் போனில் வரவழைக்கும் இரவுச் சாப்பாடு 1,400. மொத்தம் 6,700, ஆண்டுக்கு 80,400.

இதில் டீயையும் இரவுச் சாப்பாட்டையும் ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். யுபிஐ பட்டியலில் அலுவலகத்துக்குக் கீழே உள்ள டீக்கடையின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். 15, 25, 40 என்று வரிசையாக வரும். மாதம் 300 ரூபாய் இருக்கும் என்று சொன்னவர்கள் அந்த வரிசையைக் கீழே தள்ளிக்கொண்டே போவார்கள், முடியாது.

குழந்தைக் காப்பகக் கட்டணத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், அந்தக் கட்டணம் முழுவதையும் மனைவியின் சம்பளத்தில் கழித்துவிட்டு, “நீ போறதே நஷ்டம்” என்று முடிவு கட்டும் கணக்கைப் பல வீடுகளில் போடுகிறார்கள். கணக்காகவே அது தப்பு. காப்பகம் தேவைப்படுவது இருவரும் வெளியே போவதால். சம்பள விகிதத்திலோ சரிபாதியாகவோ இருவர் கணக்கிலும் பிரித்து எழுதுங்கள். அதோடு இது சில ஆண்டுச் செலவு. வேலையை விட்டுவிட்டு ஐந்து வருடம் கழித்துத் திரும்பினால் எந்தச் சம்பளத்தில் எடுப்பார்கள் என்பது இந்த மணிக்கணக்கில் தெரியாது. அந்த முடிவுக்கு இந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

6. வகுத்தல்

5,33,900இல் 80,400 போக 4,53,500. அதை 3,008ஆல் வகுத்தால் ஏறக்குறைய 151 ரூபாய்.

வேலைகளை ஒப்பிடுவதற்கான எண் வேண்டுமென்றால் பிஎஃப் 1,800ஐயும் 550ஐயும் பன்னிரண்டு மாதத்துக்குக் கூட்டுங்கள், 28,200. அப்போது மணிக்கு 160 வரும். இரண்டையும் தனித்தனியாக எழுதி, எது எதற்கு என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது குழம்பும்.

7. மிச்சம் எவ்வளவு

பலர் 151 வந்ததும் நிறுத்திவிடுவார்கள். ஆனால் ஆசைப்பட்ட பொருளை வாங்குவது இந்த 151இலிருந்து அல்ல. வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம், கடன் தவணை எல்லாம் போக நிற்பதிலிருந்துதான்.

நம் ஆளுக்கு மாறாத செலவு மாதம் 28,000. ஆண்டுக்கு 3,36,000. 4,53,500இல் அது போக 1,17,500. மணிக்கு 39 ரூபாய்.

25,000 ரூபாய் போன் 151 கணக்கில் 166 மணி நேரம், ஏறக்குறைய 13 வேலை நாள். 39 கணக்கில் 641 மணி நேரம், அதாவது இரண்டரை மாதம் வேறு எதையும் வாங்காமல், சேமிக்காமல் இருந்தால் தேறும். எனக்கு இரண்டாவது எண்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பதாகப் படுகிறது. நேரத்தை மிச்சப்படுத்தும் செலவுக்கு 151, ஆசைக்கு வாங்குவதற்கு 39 என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

5ஆம் படியில் கழித்த பெட்ரோலும் டீயும் இந்த 28,000க்குள் மறுபடி வந்துவிடக் கூடாது. யுபிஐ பட்டியலைப் பார்த்து எழுதுகிறவர்கள் ஒரே செலவை இரண்டு முறை கழிப்பது சகஜம்.

8. கடையில் நிற்கும்போது

மணி நேரமாக மாற்றும் முன் முழு விலையைக் கண்டுபிடியுங்கள். வண்டிக்கு ஷோரூம் விலை அல்ல, ஆன்ரோடு விலை. அதற்கு மேல் சர்வீஸ், டயர். ஏசிக்கு விலையோடு கரண்ட் பில். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தில் கீழ் அடுக்குக்குக் கிடைத்த குறைந்த விலையும் போய்விடும், ஏசி ஓடிய யூனிட்டுக்கு மட்டும் கூடுவதில்லை. ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்றால் செயலாக்கக் கட்டணம் உண்டா என்று பாருங்கள். கிரெடிட் கார்டில் எடுத்தால் வட்டிப் பகுதிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டியும் வரும்.

இஎம்ஐயில் இன்னொரு தப்பும் உண்டு. மாதம் 2,100தானே, 14 மணி நேரம்தானே என்று ஒரு தவணையை மட்டும் மாற்றிப் பார்ப்பது. மாற்ற வேண்டியது எல்லாத் தவணையையும் கூட்டிய தொகையை.

இருபது ரூபாய் பஜ்ஜிக்கெல்லாம் இந்தக் கணக்கு வேண்டாம். ஒரு நாள் வரவுக்கு மேல் போகும் செலவுக்கும், மாதாமாதம் திரும்பத் திரும்ப வரும் செலவுக்கும் போட்டால் போதும். அதற்குக் கீழே போட்டால் வீட்டில் உள்ளவர்கள் உங்களோடு கடைக்கு வர மாட்டார்கள்.

9. நேரத்தை மிச்சப்படுத்தும் செலவு

முதலில் எளிய ஒன்று. காய்கறி மலிவு என்று கூடுவாஞ்சேரியிலிருந்து கோயம்பேட்டுக்கு வண்டியில் போய் வந்தால் 250 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலுக்கு 130 போனால் மிச்சம் 120. மூன்று மணி நேரம் ஆகும். மணிக்கு 40 ரூபாய். போய் வருவது பிடிக்கும் என்றால் போங்கள், மிச்சத்துக்காகப் போக வேண்டாம்.

இப்போது சிக்கலானது. ஆபீஸ் பக்கம் வேளச்சேரியில் வீடு பார்க்கிறார். வாடகை மாதம் 6,000 கூடுதல், ஆண்டுக்கு 72,000. பயணச் செலவில் மாதம் 1,000 குறையும், ஆண்டுக்கு 12,000. நாளுக்கு ஒன்றரை மணி நேரம் மிச்சம், 233 நாளுக்கு சுமார் 350 மணி நேரம். நிகரக் கூடுதல் செலவு 60,000. மிச்சமாகும் ஒரு மணி நேரத்துக்கு 171 ரூபாய் கொடுக்கிறார்.

151ஐவிட அதிகம், வேண்டாம் என்று இங்கேயே முடித்துவிடுவார்கள். பொறுங்கள். வீடு மாறினால் அடிக்கணக்கே மாறும், அதையும் போட்டுப் பார்க்க வேண்டும். கூடுதல் வாடகை வேலைக்காகவே கொடுப்பது என்பதால் அதை வேலைச் செலவில் சேருங்கள். 4,53,500இல் 60,000 போக 3,93,500. நேரம் 3,008இல் 350 போக 2,658. மணிக்கு 148. பழைய 151க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, பணத்தை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் என்ன செய்வார், மாத மிச்சம் 9,800இலிருந்து 4,800ஆகக் குறைவதைத் தாங்குவாரா, பள்ளி எங்கே, தண்ணீர் எப்படி என்பதையெல்லாம் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நானாக இருந்தால் மாதம் 4,800 மிச்சத்தில் மாற மாட்டேன், ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் கடன்தான்.

இன்னொரு எச்சரிக்கை. மணிக்கு 151 என்பதால், 100 ரூபாய்க்கு ஆள் வைத்துப் பாத்திரம் கழுவினால் 51 ரூபாய் லாபம் என்று நினைக்காதீர்கள். மாதச் சம்பளக்காரருக்கு வீட்டில் மிச்சமாகும் ஒரு மணி நேரத்துக்கு யாரும் பணம் தருவதில்லை. அங்கே 100 ரூபாய் செலவுதான் நிஜம். அதற்குப் பதிலாகக் கிடைப்பது ஓய்வு. ஓய்வுக்காகக் கொடுக்கலாம், தப்பில்லை. லாபம் என்று எழுதாதீர்கள்.

10. சம்பள உயர்வும் புது வேலையும்

இங்கே சராசரியை ஒப்பிடாதீர்கள். கூடும் பணத்தைக் கூடும் நேரத்தால் வகுங்கள்.

புதுக் கம்பெனி கைக்கு மாதம் 5,000 கூடுதலாகத் தருகிறது, ஒன்றுவிட்ட சனிக்கிழமை வர வேண்டும். ஆண்டுக்கு 60,000 வரவு. 26 நாள் கூடுதல் வேலை, நாளுக்கு 12.5 மணி என்றால் 325 மணி நேரம். அந்த நாட்களின் பயணம், டீக்கு 5,200 போக 54,800. அந்தச் சனிக்கிழமைகளை மணிக்கு 169 ரூபாய்க்கு விற்கிறீர்கள். 11 சதவீத உயர்வு என்று கேட்டபோது இருந்த கவர்ச்சி இதில் இல்லை. ஆனாலும் 39 ரூபாய் மிச்சத்தில் ஓடுகிறவருக்கு இந்த 54,800 முழுக்க மிச்சமாகவே சேரும். கடன் இருந்தால் எடுக்கலாம்.

வீட்டிலிருந்தே வேலை என்று சம்பளத்தைக் குறைத்துக் கேட்கும் கம்பெனிக்கும் இதே முறைதான். இழக்கும் பணத்தைத் திரும்பும் நேரத்தால் வகுங்கள்.

11. மாதச் சம்பளம் இல்லாதவர்களுக்கு

ஆட்டோ ஓட்டுகிறவர், உணவு டெலிவரி செய்கிறவர், தையல் கடை வைத்திருப்பவர், வீட்டிலிருந்து டிசைன் செய்து கொடுப்பவர் எல்லோருக்கும் வரிசை ஒன்றேதான். காத்திருக்கும் நேரத்தை விடாமல் எண்ணுவது மட்டும் இவர்களுக்கு இன்னும் முக்கியம். ஸ்டாண்டில் சவாரிக்கு நிற்பதும், ஹோட்டல் வாசலில் ஆர்டருக்கு நிற்பதும் வேலை நேரம்தான். வண்டிச் செலவில் பெட்ரோலோடு ஆயில், டயர், காப்பீடு, எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று), வண்டி தேய்ந்து விலை இறங்குவது எல்லாம் சேரும்.

தொழில்முறையில் பில் போடுகிறவர்கள் பேரம் பேசிய நேரத்தையும், கிடைக்காமல் போன வேலைக்குக் கொட்டேஷன் கொடுத்த நேரத்தையும், பணத்துக்கு அலைந்த நேரத்தையும் எழுத வேண்டும். பிடிக்கும் டிடிஎஸ்ஸைச் செலவாகக் கழிக்க வேண்டாம். அது முன்கூட்டியே கட்டிய வரி, ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கணக்கில் வரும். ஜிஎஸ்டி வசூலித்தால் அதை வரவிலேயே சேர்க்காதீர்கள்.

இவர்களுக்கு வருமானம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். ஆடி மாதத் தையல் கடையையும் தீபாவளிக்கு முந்தைய தையல் கடையையும் ஒரே மணிக்கணக்கில் பார்க்க முடியாது. ஆண்டு எண்ணை வைத்துக்கொண்டு, மந்தமான மூன்று மாதத்துக்குத் தனியாக ஒன்று போடுங்கள். பெரிய செலவை முடிவு செய்யும்போது மந்த மாத எண்ணைப் பாருங்கள்.

12. மறுபடி எப்போது போடுவது

ஆண்டுக்கு ஒருமுறை, ஃபார்ம் 16 வந்த கையோடு. நடுவில் அலுவலகம் இடம் மாறினாலோ, வீட்டிலிருந்து வேலை என்பது வாரம் மூன்று நாள் நேரில் என்று ஆனாலோ, குழந்தை பிறந்தாலோ உடனே. சம்பள உயர்வு வந்தால் மூன்று மாதம் விட்டுப் போடுங்கள். உயர்வோடு சேர்ந்து வரும் இரவுக் கால்கள் தாளில் விழ அவ்வளவு நாள் ஆகும்.